தண்ணீருக்கு மட்டும் ஏன் இல்லை இரண்டாம் அடுக்கு?

சேலத்தில் எங்கள் பகுதியின் குடிநீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

மேட்டூரிலிருந்து வரும் பிரதான குழாய் உடைந்து, எங்கள் பகுதிக்குப் பதினொரு நாள் நல்ல தண்ணீர் வராமல் போனதை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் உடைந்தது, எத்தனை மணிக்கு மோட்டார் நிறுத்தப்பட்டது, பள்ளம் எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். குழாய் உடைந்ததைப் பற்றி எனக்குப் புகாரும் இல்லை. இரும்பானாலும் கான்கிரீட்டானாலும் மண்ணுக்கடியில் கிடப்பது ஒருநாள் உடையத்தான் செய்யும். உடைந்த பிறகு என்ன செய்வது என்று யாருக்குமே தெரியாமல் இருந்ததே, அதைப் பற்றியதுதான் இந்த மடல்.

முதல் நாள் மாலைக்குள் வந்துவிடும் என்றீர்கள். இரண்டாம் நாள் மறுநாள் காலை என்றீர்கள். மூன்றாம் நாளிலிருந்து தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. நான்காம் நாள் எங்கள் தெருவுக்கு லாரி அனுப்பியதாகப் பதிவேட்டில் இருக்கும்; வந்தது உண்மைதான். பகல் பதினொன்றரை மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் போய்விட்ட பிறகு, தெருமுனையில் இருபது நிமிடம் நின்றுவிட்டுப் போயிற்று.

என் தாயாருக்கு எண்பத்து மூன்று வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளாகக் கட்டிலோடு இருக்கிறார். நாளுக்கு இரண்டு முறையாவது விரிப்பை மாற்றித் துவைத்தாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் அந்த நேரம் பார்த்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி குடத்தைச் சாய்த்து டம்ளர் டம்ளராக அளந்து செலவழிக்கும் சத்தத்தை அம்மா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்தாம் நாளிலிருந்து தண்ணீர் கொடுத்தால் தாகமில்லை என்றார். உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பித் தந்துவிடுவார். குடித்தால் கழிக்க வேண்டும், கழித்தால் நாங்கள் கழுவ வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது, எட்டாம் நாள் காய்ச்சல் கண்டு, மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஏனம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “நீ எங்கடா போய்த் தண்ணி தூக்குவே, முதுகு வலிக்காரன்” என்றார். எனக்கு வயது அறுபத்தொன்று.

மருத்துவச் செலவை நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: குழாய் உடைந்தால் யார், எத்தனை மணி நேரத்துக்குள், என்ன செய்வார் என்பதை ஒரு தாளில் எழுதி, எங்கள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு லாரி வரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் உள்ள வீடுகளுக்கு யார் கொண்டுவந்து தருவார், எந்த எண்ணை அழைத்தால் ஒரு மனிதக் குரல் பதில் சொல்லும் என்பவை அதில் இருக்கட்டும். பேரிடர் முகாம்களில்கூட ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தர வேண்டும் என்று நிவாரணப் பணி செய்வோர் உலக அளவில் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். லாரி வந்த நாள்களில் எங்களுக்குக் கிடைத்தது வீட்டுக்கு இரண்டு குடம். குடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்றாலும், நால்வர் உள்ள எங்கள் வீட்டில் தலைக்கு ஆறு லிட்டர். முகாமில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று என் மனைவி சொன்னாள். கேலியாகத்தான் சொன்னாளா என்று தெரியவில்லை.

இது எதிர்பாராத விபத்து என்று சொல்லிவிட முடியாது. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கும்போதுகூட அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடிதான். சேலம் அதைவிட நூறடிக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. காவிரி நமக்குத் தானாக ஓடி வராது, மோட்டார்தான் தள்ளிவிட வேண்டும். மின்சாரம் சட்டென்று நின்றால், குழாய்க்குள் வேகமாக வந்துகொண்டிருக்கும் தண்ணீர் அப்படியே அடங்கிவிடுவதில்லை. முன்னே போனது போய், பின்வாங்கித் திரும்பி வந்து மோதுகிறது. வாட்டர் ஹேமர் என்று நீங்கள் சொல்லும் அந்த அடியில்தான் நோஞ்சான் இணைப்புகள் விட்டுப்போகின்றன. ஏர் வால்வு எதற்கு, அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் தொட்டி எதற்கு என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தவில்லை. அனல் மின் நிலையமும் புனல் மின் நிலையமும் உள்ள ஊரிலிருந்து தண்ணீர் எடுக்கும் நாம் மின்தடையைக் காரணம் காட்டுகிறோமே என்பதுதான் என் வியப்பு.

உடைப்பின் இரண்டாம் நாள் நானும் அந்தப் பள்ளத்தருகே போய் நின்றேன். உடைந்த அளவுக்குப் பொருந்தும் இணைப்பு இருப்பில் இல்லை, வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார் அங்கிருந்த ஊழியர். தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே என்றும் தெரியவில்லை. புதிதாகச் சாலை போட்டபோது மூடியின் மேலேயே தாரை ஊற்றிவிட்டார்கள். கடைசியில், ஓய்வுபெற்ற பழைய வால்வுமேன் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேப்பமரத்தில் முதுகை ஒட்டி நின்று, அங்கிருந்து கிழக்கே காலடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்து, பதினேழில் நின்று, இங்கே தோண்டு என்றார். அங்கேதான் இருந்தது. எங்கள் பகுதியின் குழாய் வரைபடம் அந்தப் பெரியவரின் பாதத்தில் இருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி. அந்த வேப்பமரத்தையும் எந்தச் சாலை விரிவாக்கத்தில் வெட்டப்போகிறீர்களோ.

சேலத்தில் நாம் எதையும் ஈரடுக்காகக் கட்டுகிறவர்கள். ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம், பழைய பேருந்து நிலையம் ஈரடுக்கு. தண்ணீருக்கு மட்டும் இரண்டாம் அடுக்கு என்ற பேச்சே இல்லை. எங்கள் பகுதி மேல்நிலைத் தொட்டிக்கு ஒரே வழி. அது அடைபட்டால் எல்லாம் அடைபட்டது. இந்த நகரின் தாகத்துக்கென்றே 1911-இல் பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டினார்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் 2000 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த ஏரியைச் சீமைக்கருவேலத்துக்குக் குத்தகைக்கு விட்டதுபோல் விட்டுவிட்டோம். புது மருமகள் வந்தாள் என்று மூத்தவளை வீட்டைவிட்டு அனுப்பினாற்போல. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் இல்லாத அதே வாரத்தில், சாலை நடுவே உள்ள பூச்செடிகளுக்கு லாரி ஒன்று தவறாமல் வந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். செடிகள் நன்றாக இருக்கின்றன.

மன்னிக்கவும், ஏரியைத் தூர்வாரச் சொல்லி எழுதத் தொடங்கிய மடல் அல்ல இது. பெரிய திட்டங்கள் வரும்போது வரட்டும். நான் கேட்பது ஒரு தாள்.

அந்தத் தாளில், தண்ணீர் திரும்ப வந்த பிறகு செய்ய வேண்டியதையும் சேர்க்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் விடியற்காலை குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு டீத்தூள் கரைத்த நிறத்தில் வந்தது. வழக்கம்போல் குழாயின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டியிருந்தோம். அரைமணி நேரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால், துணியில் செம்மண் மட்டும் இல்லை. கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ படிந்து சாக்கடை வாடை அடித்தது. வெறுமையாகக் கிடக்கும் குழாய், வெளியே தேங்கி நிற்பதை விரிசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பழுது பார்த்த பிறகு குழாயைக் கழுவிவிட்டு, குளோரின் ஏற்றி, கடைமடை வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்த பிறகல்லவா குடிக்கலாம் என்று சொல்ல வேண்டும்? குடிக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை, கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றும் சொல்லவில்லை. ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி இரண்டு வாக்கியம் சொல்ல எவ்வளவு ஆகியிருக்கும்?

முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். 2019 ஜூலையில் சென்னை தவித்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் ரயிலேறிப் போயிற்று. தலைநகருக்கு ரயிலே போகும்போது, எங்கள் தெருவுக்குக் காலை ஆறு மணிக்கு ஒரு லாரி வரக்கூடாதா?

எனவே மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன்: அடுத்த உடைப்புக்கு முன், உடைந்தால் செய்ய வேண்டியவற்றை எழுதி ஒட்டுங்கள். அந்த வால்வுமேன் நடமாட்டத்தோடு இருக்கும்போதே அவரை அழைத்து, அவருக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். அதற்கு உரிய ஊதியமும் கொடுங்கள். போன வாரம் குடிநீர்க் கட்டணம் கட்ட உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். அறிவிப்புப் பலகையில் கட்டண பாக்கி வைத்திருப்போருக்கான எச்சரிக்கை ஒன்றுதான் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு முழுத் தாள் ஒட்டும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பாக்கி ஏதும் வைக்காத ஒரு குடிநீர் இணைப்புதாரர்