திரைப்படக் கழகம்: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. ஜூன், டிசம்பர் நீங்கலாக மாதத் திரையிடல்கள் நடந்தன. ஜூனில் அரங்கு தேர்வு மையமாகிவிட்டது, டிசம்பரில் மழை. ஜனவரியில் சிறுவர் படவிழா நடந்தது. புரொஜெக்டருக்குப் புது விளக்கு போடப்பட்டது. கழக நூலகத்துக்கு நன்கொடையாகச் சில புத்தகங்கள் வந்தன. ஆண்டில் மறைந்த உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கழகத்தின் ஆழ்ந்த அனுதாபம்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, 1947ல் வெளியான ‘ஏஹே இம் ஷாட்டன்’ என்ற ஜெர்மன் படத்தை ‘நிழலில் ஒரு மணவாழ்க்கை’ என்ற பெயரில் தமிழ் வசனவரிகளோடு (சப்டைட்டில்) திரையிட்டதுதான். “யாருக்கும் தெரியாத கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இவ்வளவு உழைப்பா?” என்று சென்ற பொதுக்குழுவிலேயே கேட்கப்பட்டது. கேட்டவர்களில் சிலர் திரையிடலுக்கு வரவில்லை. ஆகவே விளக்கத்தைப் பதிவேட்டில் இருக்கும்படி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தின் மூலக்கதை யோவாக்கிம் காட்ஷால்க் என்ற நடிகரின் வாழ்க்கை. 1904ல் காலாவ் என்ற சிற்றூரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர், சில ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்தார். 1930ல் மேட்டா வோல்ஃப் என்ற யூத நடிகையைத் திருமணம் செய்துகொண்டார். 1933 தொடக்கத்தில் மகன் மிகாயேல் பிறந்தான். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததும் அதே நேரத்தில்தான். அத்தோடு மேட்டாவின் மேடை வாழ்க்கை முடிந்தது. 1933 செப்டம்பர் 22ஆம் தேதிச் சட்டத்தின்படி, நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபெல்ஸைத் தலைவராகக் கொண்ட கலாச்சார மன்றத்தில் உறுப்பினராக இல்லாத எவரும் நடிப்பையோ எழுத்தையோ இசையையோ தொழிலாகச் செய்ய முடியாது. யூதர்களுக்கு அதில் இடமில்லை. யூத மனைவி உள்ளவர்களின் தொழிலோ மேலிடத்தின் தயவில் தொங்கியது. இன்று அனுமதி இருக்கும், நாளைக்கு இராது. 1935ன் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரோடு புதுத் திருமணங்களைத் தடுத்தன. முன்பே நடந்தவற்றை ரத்து செய்யவில்லை. அதனால் விவாகரத்து செய்துகொள் என்று கணவன்மாரை நெருக்குவதே அரசின் வழியாயிற்று.

காட்ஷால்க் ஃபிராங்க்ஃபர்ட் மேடையில் பெயர் வாங்கி, 1938ல் பெர்லினுக்கு வந்தார். அதே ஆண்டு நடிகை பிரிகிட்டே ஹோர்னையோடு முதல் படம். அடுத்த மூன்றே ஆண்டுகளில் முன்னணி நாயகன். கடைசிப் படத்தில், 1941ல், பாடகி ஜென்னி லிண்டை நேசித்துக் கைகூடாமல் போன எழுத்தாளர் ஆண்டர்சனாக நடித்தார். மனைவியை ஒரு விருந்துக்குக் கூட்டிப்போனார் என்றும், மேட்டாவோடு முகம் மலரப் பேசிய கட்சிப் பெருந்தலைகள் அவர் யூதர் என்று பிறகு அறிந்து கொதித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. கோயபெல்ஸ் தரப்பு விவாகரத்து கேட்டது. காட்ஷால்க் மறுத்தார். பட வாய்ப்பு அடைக்கப்பட்டது.

1941 அக்டோபர் 18 அன்று பெர்லின் யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நாடுகடத்த ஏற்றிக்கொண்டு போலந்தின் லோட்ஸ் நகருக்கு முதல் ரயில் கிளம்பியது. கிளம்பிய இடம் குரூனவால்ட் நிலையம். காட்ஷால்க் குடும்பம் வசித்ததும் குரூனவால்ட் பகுதியில்தான். நவம்பர் 6 அன்று பெற்றோர் மகனோடு உயிரை மாய்த்துக்கொண்டனர், மூவரும் வீட்டில் இறந்துகிடந்தனர். மகனுக்கு எட்டு வயது. இறுதிச் சடங்குக்குத் திரையுலகினர் போகக் கூடாது என்று மேலிடத்துக் கட்டளை. மீறிப் போனவர்களில் பிரிகிட்டே ஹோர்னையும் நடிகர் குஸ்தாவ் க்னூத்தும் உண்டு. வேலை பறிபோகும் என்று தெரிந்தே போனார்கள். அந்தச் சிலரின் பெயரைத் தமிழில் யாராவது எழுதி வைக்கட்டும் என்பதே இந்தப் பணியை எடுத்ததற்குப் போதுமான காரணம் என்று கருதுகிறேன்.

படத்தை எடுத்த குர்ட் மெட்சிக்குக்கு இது அடுத்த வீட்டுக் கதை அல்ல. அவருடைய தாயும் யூதர். நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோவின் பிடியில் சிக்காமல் இருக்க 1944ல் உயிரை மாய்த்துக்கொண்டவர். 1946 மே மாதம் சோவியத் ஆணையகத்தின் உரிமத்தோடு தொடங்கிய டெஃபா என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தின் நிறுவனர்களில் மெட்சிக் ஒருவர். அவர் இயக்கிய முதல் கதைப்படமே இதுதான். திரைக்கதைக்கு அடிப்படை ஹான்ஸ் ஷ்வைகார்ட் எழுதிய குறுநாவல். 1941ல் காட்ஷால்க்கை இயக்கியவர் அவர், நேரில் பழகியவர். “அவ்வளவு மோசமாகப் போய்விடாது” என்பதுதான் குறுநாவலின் தலைப்பு. அரசியலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை, நாம் கலைஞர்கள் என்று இருந்துவிட்டவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. படம் நாஜிகளைவிட அந்த வாக்கியத்தைத்தான் கூண்டில் ஏற்றுகிறது.

1947 அக்டோபர் 3 அன்று பெர்லினின் நான்கு பகுதிகளிலும் ஒரே நாளில் வெளியான படம் இது. சோவியத், அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு என்று நகரம் துண்டாகிக் கிடந்த காலம். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். 1948ல் ஹாம்பர்க் திரையிடலுக்கு, யூத வெறுப்புப் படமான ‘யூத் ஸூஸ்’ இயக்குநர் ஃபைட் ஹார்லானும் மனைவியும் வந்தபோது வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அதே ‘யூத் ஸூஸ்’ படத்துக்கு இசையமைத்த வோல்ஃப்காங் ஸெல்லர்தான் இந்தப் படத்துக்கும் இசை. ஒளிப்பதிவாளர் ஃபிரீட்ல் பேன்-க்ரூண்டும் நோயாளிகளைக் கொல்வதை நியாயப்படுத்திய 1941ஆம் ஆண்டுப் பிரச்சாரப் படத்துக்கு வேலை செய்தவர். இதையெல்லாம் மறைக்காமல் கையேட்டில் அச்சிட்டோம். ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட் இந்தப் படத்தை மலிவான உருக்கம் என்று சாடினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வயலின்கள் அழ வேண்டிய இடத்தில் தவறாமல் அழுகின்றன. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் அதே பாணிப் படங்களில் பழகிய கூட்டத்தை, வேறு எந்தப் பாணியிலாவது உட்கார வைத்திருக்க முடியுமா? உட்கார்ந்தார்கள், தங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கதையைப் பார்த்தார்கள். 1947ல் அது சிறிய காரியமல்ல.

வாழ்க்கைக்கும் படத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளையும் கையேட்டில் கொடுத்தோம். படத்தில் கணவன் ஹான்ஸ் வீலாண்டாக பவுல் கிளிங்கரும், யூத மனைவி எலிசபெத்தாக இல்ஸே ஸ்டெப்பாட்டும் நடிக்கிறார்கள். படத்தின் கல்யாணம் ஹிட்லர் வந்த பிறகு, அவளைக் காக்கும் நோக்கத்தோடு நடக்கிறது. உண்மையில் அது மூன்று ஆண்டுகள் முன்பே நடந்த காதல் கல்யாணம். காப்பாற்றுவதற்காக அவர் கைப்பிடிக்கவில்லை. படத்தில் குழந்தை கிடையாது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எட்டு வயதுப் பையனை விட்டுவிட்டால் பார்ப்பவருக்குத் துக்கம் தாங்கக்கூடியதாகிவிடுகிறது. ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் ‘சூழ்ச்சியும் காதலும்’ நாடகக் காட்சியில் தொடங்கி, முடிவில் அதே நாடகத்தில் மடியும் காதலர்களோடு இவர்களையும் இணைத்துவிடுவது அழகாக இருந்தாலும், ஆட்சியே செய்த கொலையை விதியாக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. பட இறுதியில் காட்ஷால்க்குக்கும் அவரைப்போல் பலியானவர்களுக்கும் சமர்ப்பணம் வருவது அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

இனி வசனவரிப் பணி. அடுத்து யார் செய்தாலும் உதவும் என்பதால் விரிவாகவே பதிகிறேன்.

முதலில் உரிமையாளரிடம் எழுத்து மூல அனுமதி. காட்டுவதற்கு ஒன்று, வசனவரியைப் படத்திலேயே பதித்துத் தனிப் பிரதி எடுப்பதற்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால் பின்னால் மறுபடி எழுத வேண்டியதில்லை. அடுத்து நேரக் கணக்கு. படம் ஏறக்குறைய 105 நிமிடம், வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஐரோப்பிய டிவிடி பிரதியோ 25 சட்டகத்தில் ஓடும், ஆக 101 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 24க்குக் குறித்த வரிகளை அப்படியே போட்டால் முதல் நிமிடத்தில் இரண்டு வினாடி பிந்தும், கடைசியில் நான்கு நிமிடம் பிந்தும். ஆள் செத்துப்போன பிறகு அவர் பேச்சு கீழே வரும். சிலர் தொடக்கத்தில் மட்டும் நகர்த்திப் பார்த்துவிட்டு முடிந்தது என்று விடுகிறார்கள். நகர்த்தல் போதாது. எல்லா நேரங்களையும் 0.96ஆல் பெருக்க வேண்டும்.

தமிழ் வரி ஆங்கில வரியைவிட இடம் பிடிக்கும். ஒரு வரிக்கு 32 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் போகாமல், குறைந்தது ஒன்றரை வினாடி, அதிகம் ஆறு வினாடி என்று வைத்துக்கொண்டோம். இந்தக் கணக்குக்குள் அடங்காத வசனத்தைச் சுருக்கத்தான் வேண்டும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான். சரியாகச் சேமித்தாலும் பழைய பிளேயர்கள் ஒற்றைக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும், ‘கொ’ மூன்று துண்டாகும். அதனால்தான் படத்திலேயே பதித்தோம். வரிகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் மேல் வரியின் ‘கூ’ சுழியும் கீழ் வரியின் ‘தி’ கொக்கியும் முட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையும் மேசை விரிப்பும் நிறைந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம்.

அரங்கில் ஒரு சிக்கல். படம் ஏறக்குறைய சதுர வடிவம். புரொஜெக்டரை அகலத் திரைக்கு வைத்துவிட்டால் எல்லா முகமும் உப்பிப்போகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரி. “பட்டை வருது, ஃபுல் ஸ்க்ரீன் போடுங்க” என்று பார்வையாளர் கேட்டாலும் மாற்ற வேண்டாம் என்று இயக்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒற்றைத் தட ஒலி (மோனோ) என்பதால் நடு ஒலிபெருக்கியில் மட்டும் விட்டால் எதிரொலி குறையும்.

வசனவரியைச் சரிபார்க்கப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் கூட்டத்துக்கு வரவில்லை. காரணம் சொல்லி அனுப்பியவர்களுக்கு நன்றி. சொல்லாமலே இருந்துவிட்டவர்கள், கழகத்தின் பணி நின்றால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். திரையிடலன்று உறுப்பினர் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. அந்த இடங்களில் கல்லூரி மாணவர்கள் வந்து அமர்ந்தார்கள், படம் முடிந்த பிறகும் வெகுநேரம் கேள்வி கேட்டார்கள். கலாச்சார மன்றத்தில் உறுப்பினராக மறுத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், விவாகரத்து செய்த நடிகர்களின் மனைவிமார் என்ன ஆனார்கள் என்பதே பெரும்பாலான கேள்விகள். நடிகர் ஹைன்ஸ் ரூமானின் முன்னாள் மனைவி மரியா பெர்ன்ஹைம் ஸ்வீடனுக்குப் போய்ப் பிழைத்தார், நடிகர் ஹான்ஸ் ஆல்பர்ஸின் துணைவி ஹன்ஸி பூர்க் இங்கிலாந்து போய்ப் போருக்குப் பின் திரும்பினார் என்று சொன்னோம். இந்த மாணவர்களை உறுப்பினராக்கினால் கழகம் பத்து ஆண்டு இளமையாகும்.

கணக்கைப் பொருத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. அரங்க வாடகையும் பதிவுச் செலவும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடின, நன்கொடையால் சமாளித்தோம். விவரமான கணக்கைத் தணிக்கை முடிந்ததும் பொருளாளர் சுற்றுக்கு விடுவார். ஆண்டுச் சந்தா ரூ. 600. இது மூன்றாண்டாக உயரவில்லை. இருந்தும் பாக்கிப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இரண்டு ஆண்டு கட்டாதவர்களின் பெயரை நீக்க விதி 9 இடம் தருகிறது. இதுவரை அதைப் பயன்படுத்தவில்லை.

அரங்கு தந்த நிர்வாகத்துக்கும், கையேட்டை விலை குறைத்து அச்சிட்டவருக்கும், ஜெர்மன் மூலத்தோடு ஒப்பிட்டு உதவிய மொழி ஆசிரியைக்கும், தலைவர், பொருளாளர், துணைச் செயலாளருக்கும் கழகத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு, 1946ல் பெர்லின் இடிபாடுகளிலேயே எடுத்த டெஃபாவின் முதல் படமான ‘கொலைகாரர்கள் நம்மிடையே’ படத்துக்கும் தமிழ் வசனவரி செய்யலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். பேன்-க்ரூண்டின் கேமரா அதிலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து பார்ப்பவர்களுக்கு நிறையப் புலப்படும். நேரம் குறிக்க ஒருவர், தமிழ்ப்படுத்த இருவர், சரிபார்க்க இருவர் தேவை. அத்தனை பேரும் நிஜமாக வந்தால்தான் அனுமதிக் கடிதம் எழுதுவேன். தனியாளாக மறுபடி இதைச் சுமக்க என் உடம்பு இடம் தராது. பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் கோப்புகள், அனுமதிக் கடிதங்கள், எழுத்துருக்கள் அனைத்தையும் ஒப்படைக்கத் தயார்.

சந்தா ரசீதுப் புத்தகம் பொருளாளர் மேசையில் திறந்திருக்கிறது. வசனவரிக் குழுவுக்கான தாள் அதன் பக்கத்தில். பெயரோடு எந்த வாரநாள் மாலை வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். பாக்கி வைத்திருப்பவர்கள் ஜூலை 31க்குள் கட்டிவிட்டால் அடுத்த படத்தின் அனுமதிக் கட்டணத்துக்கு வெளியில் கையேந்த வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
செயலாளர்