பஞ்சு மெத்தை இல்லை

ஆசிரியருக்கு,

தொழில்முறை மல்யுத்தம் என்றாலே ‘எல்லாம் நாடகம்’ என்கிறோம். முடிவு பேசிவைத்ததுதான், விழுவது நிஜம். ஜெர்மனியில் 2000-இல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்டபிள்யூ அமைப்பு ஓபர்ஹவுசனில் நடத்தும் ‘16 காரட் கோல்ட்’ போட்டியில் 16 பேர், மூன்று இரவு. வெல்பவருக்கு நான்கு மோதல்; அரையிறுதியும் இறுதியும் ஒரே இரவில்!

ரிங் என்பது இரும்புச் சட்டம், மேலே பலகை, மெல்லிய நுரை விரிப்பு, இழுத்துக் கட்டிய கித்தான். அவ்வளவே. ‘டமால்’ சத்தம் பலகையுடையது. மல்லாந்து விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை விட்டு, மேல்முதுகு முழுதும் ஒருசேரப் படும்படி உள்ளங்கைகளால் தரையை அறைய வேண்டும். தாடை உயர்ந்தால் பின்மண்டை மோதும். பயத்தில் கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். கித்தான் தளர்ந்து சுருக்கம் விழுந்திருந்தால், எவ்வளவு தேர்ந்தவருக்கும் கால் சிக்கி முட்டி திருகிக்கொள்ளும்.

— ஒரு வாசகர்