புதுக் கத்தி கைக்குப் பழகும்வரை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். உன் புது மடக்குக் கத்தி விஷயத்தை அரைகுறையாகச் சொல்ல மனசு வரவில்லை. எழுதி அனுப்பினால் கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பாய்.

முதலில், கத்தியைத் திருப்பி அனுப்பாதே. கட்டைவிரலால் தள்ளினால் அலகு வர மறுக்கிறது, மூடும்போது பூட்டுத் தகடு நகத்தைப் பிய்க்கிறது என்றாய். இரண்டும் புதுக் கத்திக்கு உள்ள குணம்தான், புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி. அலகும், அதற்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய வளையமான வாஷரும், தகடும் இன்னும் ஒன்றோடொன்று உரசிப் பழகவில்லை. எடுத்த எடுப்பிலேயே லொடலொடவென்று ஆடுகிற கத்தியைக் கண்டால்தான் எனக்குப் பயம். இறுக்கம் நாளாக நாளாகக் குறையும். ஆட்டம் நாளாக நாளாகக் கூடத்தான் செய்யும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லைனர் லாக் வகை. பிடிக்குள்ளே இரு பக்கமும் மெல்லிய தகடு இருக்கிறது பார். அதில் ஒரு பக்கத் தகட்டை நீளவாக்கில் கீறி, ஒரு துண்டை உள்பக்கமாக வளைத்து விட்டிருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்தத் துண்டு நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நின்றுகொள்ளும். உனக்குக் கேட்கிற 'க்ளிக்' அதுதான். அதே துண்டில் கடுகளவு ஒரு குண்டும் பதித்திருக்கும். கத்தி மூடியிருக்கும்போது அது அலகில் உள்ள சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். பாக்கெட்டுக்குள் கத்தி தானாகத் திறந்துகொள்ளாமல் இருப்பது அதனால்தான்.

நீ தள்ளும்போது முதலில் 'மாட்டேன்' என்று நிற்பது அந்தக் குண்டு. அதைத் தாண்டிய பிறகும் வழிநெடுகக் கரகரவென்று இழுத்தால் அது அலகு சுழலும் அச்சு. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் திறந்தால் இரண்டும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரியும். குண்டின் பிடி முழுதாகப் போய்விடக் கூடாது, கொஞ்சம் இளகினால் போதும். நீ சரிசெய்ய வேண்டியது அச்சுப் பக்கத்து இழுப்பைத்தான்.

அதற்குத் திருப்புளியைத் தேடாதே. முதல் வேலை கழுவுவது. பாக்டரியில் சாணை பிடித்தபோது பறந்த தூளும், மெருகேற்றிய பசையும், துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸும் சேர்ந்து அச்சுக்குள் சேறு மாதிரி நிற்கும். பாதி இறுக்கம் அந்தச் சேற்றால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, கத்தியைப் பாதி திறந்த நிலையில் உள்ளே முக்கி எடு. பழைய பல் தேய்க்கும் பிரஷால் அச்சைச் சுற்றியும் தகடுகளுக்கு நடுவிலும் தேய். தண்ணீருக்குள்ளேயே மெதுவாகத் திறந்து திறந்து மூடு. அச்சோரத்தில் இருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல் வரும், அது நிற்கும்வரை செய். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, உதறி, துணியால் ஒற்றி, திறந்தபடியே காற்றாட வைத்துவிடு. ஈரத்தோடு மூடி வைக்காதே.

காய்ந்த பிறகு எண்ணெய். அச்சின் இரு பக்கமும், அலகும் தகடும் சேரும் அந்த மயிரிழை இடைவெளியில், ஒரு குச்சி நுனியில் எடுத்து ஒரு சொட்டு விட்டால் போதும். தையல் மிஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெய் நன்றாக வேலை செய்யும். அதே கத்தியால் பழம், காய் வெட்டுவாய் என்றால் உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் வாங்கிக்கொள். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாக இறுகிவிடும், அப்புறம் கத்தி முன்னைவிட மோசமாக ஒட்டும். உன்னிடம் டபிள்யூ.டி-40 டப்பா இருக்கும். ஈரத்தை விரட்டுவதற்கென்று 1953-ல் உருவாக்கியது அது. அழுக்கைக் கழற்ற உதவும். ஆனால் அச்சில் நின்று வேலை செய்கிற எண்ணெய்க்கு அதை மாற்றாக நினைக்காதே.

இனித் திறப்பதும் மூடுவதும்தான். அவசரமே வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து செய். கையை உதறி அலகை வீசித் திறக்கிற வித்தை வேண்டாம்டா. ஒவ்வொரு வீச்சிலும் அலகு போய் இடிப்பது அதை நிறுத்தும் சின்ன ஆணியிலும் பூட்டிலும்தான். கட்டைவிரலால் ஒரே சீராகத் தள்ளினாலே வாஷர் பளபளப்பாகிவிடும். முதல் சில நாள் அச்சோரத்தில் கறுப்பாக எண்ணெய் கசியும். துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விடு. அலகின் பக்கவாட்டில், அச்சைச் சுற்றி வில் மாதிரி ஒரு மெல்லிய கோடு விழுந்திருப்பதையும் பார்ப்பாய். கீறிவிட்டதே என்று பதறாதே. அந்தக் குண்டு போய்வந்த தடம்தான் அது. அந்தத் தடத்தில் எண்ணெய் தொட்ட விரலால் ஒரு தடவு தடவினால் கரகரப்பு சட்டென்று குறையும்.

மூடுகிற விதத்தைத்தான் நீ நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். லைனர் லாக்கை மூடும்போது கட்டைவிரல் பூட்டுத் தகட்டைத் தள்ளிக்கொண்டு அலகு வரும் வழியிலேயே நிற்கிறது. புதுக் கத்தியில் தகடு இறுக்கமாக இருப்பதால் பலம் போட்டுத் தள்ளுவாய், அலகு திடீரென்று விடுபடும், கட்டைவிரல் அங்கேயே இருக்கும். அதனால் இரண்டு கையையும் பயன்படுத்து. ஒரு கையால் தகட்டை ஒதுக்கு, மறு கையால் அலகின் முதுகைப் பிடித்துக் கொஞ்சமாக மடக்கு. பூட்டைத் தாண்டியதும் நிறுத்தி, கட்டைவிரலை வெளியே எடு. மற்ற விரல்களும் வழியில் இல்லை என்று பார்த்துவிட்டு மீதியை மூடு. ஒரு கையால் மூடுவது தன்னால் வரும், அதை இப்போதே பழக வேண்டியதில்லை. டிவியில் கண்ணை வைத்துக்கொண்டு கத்தியை மடக்குகிற வேலையும் வேண்டாம்.

தகட்டின் நுனி அலகோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், எண்ணெய் போடாதே. பூட்டின் முகம், அதாவது தகடு அலகை முட்டும் பக்கம், வழுக்கக் கூடாத இடம். அந்த முகத்தில் பென்சிலால் இரண்டு மூன்று முறை தேய்த்துவிடு. பென்சில் கரி ஒட்டலை விடுவிக்கும், பூட்டும் பூட்டாகவே இருக்கும்.

இவ்வளவும் செய்து, சில வாரம் புழங்கிய பிறகும் இழுத்தால்தான் திருகு. அச்சுத் திருகின் தலையில் ஆறு முனை நட்சத்திரம் இருந்தால் அது டார்க்ஸ். பெரும்பாலான கத்திகளில் டி6 அல்லது டி8 அளவு வரும். சரியான அளவில், நல்ல எஃகில் செய்த திருப்புளி வேண்டும். கொஞ்சம் பொருந்தாத முனையைப் போட்டுத் திருகினாலும் தலை வழண்டுவிடும், அப்புறம் யாராலும் கழற்ற முடியாது. திருகு அசையவே இல்லை என்றால் உள்ளே பசை போட்டிருப்பார்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் கொஞ்ச நேரம் சூடு காட்டினால் இளகும். கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்கிற அளவுக்குத்தான் ஒரு தடவை திருப்ப வேண்டும். அலகின் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பார். ஆடினால் அதிகம் தளர்த்திவிட்டாய், திரும்ப இறுக்கு. மூடிய கத்தியை மேலிருந்து பார்த்தால் அலகு இரண்டு தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். முழுக்கப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் ஆசை உனக்கு வரும், உன்னை எனக்குத் தெரியும். சில கம்பெனிகள் பிரித்த கத்திக்கு வாரண்டி கிடையாது என்பார்கள், அதையும் பார்த்துக்கொள்.

பூட்டை நம்புவதற்கு முன் சோதித்துப் பார். கத்தியைத் திறந்து, விரல்கள் எதுவும் அலகு மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடித்து, அலகின் முதுகை மேஜை ஓரத்தில் வைத்து மெல்ல மெல்ல அழுத்து. பூட்டு நழுவினால், அந்தக் கத்தியைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடு. இந்தக் குறையைப் பழக்கம் சரிசெய்யாது. பூட்டுத் தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதையும் இப்போதே பார்த்து வை. தேயத் தேய அது உள்ளே நகர்ந்துகொண்டே போகும். எதிர்ப்பக்கத் தகட்டை அது தொட்டுவிட்டால் பூட்டின் ஆயுள் முடியப் போகிறது என்று புரிந்துகொள்.

எல்லாக் கத்திக்கும் இந்த ஒரே வைத்தியம் இல்லை. தோட்டத்தில் நான் வைத்திருக்கும் மரப்பிடி ஓப்பினெலுக்குத் திருகே கிடையாது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய கத்தி அது. சுழற்றிப் பூட்டும் வளையம் 1955-ல்தான் வந்தது. அதற்கு எதிரி ஈரம். பீச் மரப்பிடி தண்ணீர் குடித்து உப்பி, அலகைக் கவ்விக்கொள்ளும். பிடியின் பின்முனையைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், அதைப் பிடித்து இழுக்கலாம். காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும். உன்னுடையதைச் சோப்புத் தண்ணீரில் முக்கச் சொன்னேனே, அதை மரப்பிடிக் கத்திக்குச் செய்யவே கூடாது.

இனி கூர். புதிதாக வந்த கூரைப் பார்த்து மயங்காதே. காகிதத்தை வெட்டும், சரி. ஆனால் பாக்டரிக் கூர் வேகமாக ஓடும் பெல்ட்டில் தீட்டியது. விளிம்பில் பிசிறு மிச்சமிருக்கலாம், மெல்லிய நுனி சூடேறி இளகியும் இருக்கலாம். அது சீக்கிரம் மழுங்கினால் கத்தி மட்டம் என்று முடிவு கட்டாதே. முதல் ஒன்றிரண்டு தடவை கல்லில் தீட்டிய பிறகுதான் அந்த எஃகின் உண்மையான தரம் தெரியவரும்.

தீட்ட 1000 எண் கல், அப்புறம் அதைவிட நைசான 3000. உனக்கு இது தாராளம். தீட்டும் முன் கூர்ச்சாய்வின் மேல், அதாவது விளிம்பை ஒட்டிய குறுகிய சரிவின் மேல், மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசிவிடு. கல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார். மை மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கத்தியைப் படுக்க வைத்திருக்கிறாய், விளிம்பில் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கியிருக்கிறாய். முழுதாக அழிகிற சாய்வு எதுவோ அதுதான் உன் கோணம், பக்கத்துக்கு 15-லிருந்து 20 டிகிரிக்குள் இருக்கும். அதை மாற்றாமல் ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்க விளிம்பில் பிசிறு எழும்பும். விரலை விளிம்பின் நீளத்தில் ஓட்டாமல், முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். பிடி முதல் நுனி வரை அது தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. அடிப்பக்கம் மட்டும் வந்துவிட்டு நுனியில் வராமல் இருப்பதுதான் பழகாத கையின் வழக்கம். பிறகு மறுபக்கம். கடைசியில் அழுத்தமே கொடுக்காமல் மாறி மாறி இழுத்து, தோல் வாரில் முதுகு முன்னால் போகும்படி சில தடவை தேய்த்துவிட்டால் பிசிறு உதிர்ந்துவிடும். இது மடக்குக் கத்திக்குச் சொன்னது. நான் செடிக்கு ஒட்டுக்கட்டும் கத்திக்கு ஒரு பக்கம் மட்டுமே சாய்வு, அதைத் தீட்டுவது தனி வேலை.

கத்தியால் எதை வெட்டினாலும் பரவாயில்லை, நெம்பாதே. டப்பா மூடி திறப்பதும் திருகு முடுக்குவதும் அதன் வேலை இல்லை. கூர் நிற்க வேண்டும் என்பதற்காக நல்ல எஃகை ராக்வெல் அளவில் 58, 60 வரை கடினமாக்கியிருப்பார்கள். அந்தக் கடினத்துக்கு வளையத் தெரியாது, முறியத்தான் தெரியும். அட்டைப்பெட்டி நிறைய வெட்டினால் கூர் சீக்கிரம் போகும், அட்டைக்குள் மண்துகள் இருக்கும். அது தப்பில்லை, தீட்டிக்கொள்ளலாம். செடி வெட்டினால் பால் காய்வதற்குள் துடை. வியர்வைக் கையோடு பிடித்து அப்படியே பாக்கெட்டில் போடாதே. துருப்பிடிக்காத எஃகு என்று பேர் வாங்க 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். அது இருந்தும் உப்பு தங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

வெளியே எடுத்துப் போகிறாய் என்றால் நீ இருக்கும் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடு. இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில், கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைத் தக்க காரணம் இல்லாமலும் வைத்திருக்கலாம். ஆனால் உன்னுடையது மாதிரிப் பூட்டு உள்ளதற்கு அந்தச் சலுகை இல்லை.

ஊருக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்வார்கள், செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே வை. பூட்டுத் தகடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று நானும் பார்க்க வேண்டும். நீ தீட்டிய கூரையும்தான்.

அன்புடன்,
அம்மா