நிவாரணப் பொருள் பட்டியலில் கிரேயான் பெட்டியும் வேண்டும்

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அரூர் பக்கமும் வெள்ளக்காடுதான். இடிந்த வீட்டையும் அழிந்த பயிரையும் கணக்கெடுக்கப் படிவம் இருக்கிறது. மேகம் கறுத்தாலே அம்மாவை விட்டு நகராத பிள்ளை எந்தப் படிவத்திலும் வராது.

அதனால் ஒரு கோரிக்கை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தயாராகும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில், ஓவியம், களிமண், கூத்து வழியாக மனதுக்குத் துணை நிற்கும் வேலையையும் சேருங்கள்.

படம் வரைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. கலைச் சிகிச்சை என்பது பயிற்சி பெற்றவர் செய்வது. ஆனால் பயந்த பிள்ளையின் கையில் தாளும் கலரும் கொடுத்துப் பக்கத்தில் பொறுமையாக உட்கார, ஓவிய ஆசிரியருக்குச் சில நாள் பயிற்சி போதும். நடந்ததைக் கோவையாகச் சொல்லச் சின்னப் பிள்ளைகளுக்கு வார்த்தை வராது. தாளில் எதைப் போடுவது, எதைக் கிழிப்பது என்பதையாவது அவர்களே முடிவு செய்யலாம்.

"வெள்ளத்தை வரை" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடும் சொல்கிறது. பிள்ளை மாடு வரைந்தால் மாடு. வெறும் கறுப்பாகத் தேய்த்தால் அதுவும் சரி. அப்புறம், தயவுசெய்து போட்டி வேண்டாம். நம் ஊரில் கலர் பென்சிலைக் கண்டாலே முதல் பரிசு, மேடை, போட்டோ என்று போய்விடுகிறார்கள். அந்தப் படங்கள் பிள்ளைகளுடையவை. கண்காட்சிக்கும் பத்திரிகைக்கும் போகக் கூடாது.

2012இல் அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் ஓவிய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு அவர்களுக்குப் பயிற்சி தரலாம். தூக்கம் கெடுவது, படுக்கையில் சிறுநீர் போவது, பள்ளிக்கு வர மறுப்பது மாதம் கடந்தும் தொடர்ந்தால் அந்தக் குழுவிடமே அனுப்ப வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணை முகாம் சுவரில் பெரிதாக எழுதுங்கள். ஆசிரியர்களுக்கு இதற்கென்று தனி ஊதியம் கொடுங்கள். 'சேவை' என்று சொல்லி அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பெரியவர்களுக்குக் கிரேயான் ஒத்துவராது. அவர்களுக்கு இங்கே கூத்து இருக்கிறது. பாரதக் கூத்தின் முடிவில் வரும் படுகளத்தில் காந்தாரி ஒப்பாரி வைக்கும்போது, தன் வீட்டுச் சாவையும் சேர்த்து அழும் பெண்கள் எத்தனையோ பேர். 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசுக் கிடங்கு வெடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீயில், அரூர் பக்கத்து அம்மாபேட்டை தன் இளைஞர்களை இழந்தது. இப்படிப்பட்ட ஊர்களில், துக்கம் ஆறாத வீட்டாரின் சம்மதத்தோடு கூத்துக் கலைஞர்களையும் மனநல ஆலோசகரையும் சேர்த்து அனுப்பலாம். கூத்து வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

ஜூலைக்குள் ஆசிரியர் பட்டியல் தயாரானால் செப்டம்பருக்குள் பயிற்சியை முடித்துவிடலாம். தாள், கிரேயான், களிமண், பயணப்படி தவிரப் பெரிய செலவு இல்லை. முகாமுக்குப் பாய், போர்வை வாங்கும்போதே இவற்றையும் வாங்கி வைக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
அரூர் வட்டத்திலிருந்து ஒருவர்