நால்வர் போதும், ஒரே மதிப்பெண் வேண்டாம்

மொரீசியஸ் பல்கலைக்கழகங்களில் குழு அசைன்மென்ட் தரும் விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். குழு வேலையே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆறு பேரைச் சேர்த்துவிட்டு, ஆறு பேருக்கும் ஒரே மதிப்பெண் போடும் வழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

ஊர் கூடினால் தேர் நகரும். ஆனால் வடம் பிடித்த கையெல்லாம் இழுப்பதில்லை. பிரெஞ்சுக்காரர் மாக்சிமிலியன் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட கயிறிழுப்புச் சோதனையில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரின் தனிப் பலத்தில் ஏறக்குறையப் பாதிதான் கயிற்றுக்கு வந்தது. இதற்குச் சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பதே கடினம். நால்வருக்குள் பேசி முடிக்க வேண்டிய இணைகள் 6. அறுவர் என்றால் 15. இருவரைக் கூட்டினால் வேலை குறைவதில்லை, பேச்சுதான் பெருகுகிறது.

அந்தப் பேச்சுக்கும் நேரம் வேண்டுமே. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர் மாலையில் கோவிலில் இருப்பார். தெற்குக் கிராமத்து மாணவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார். ஜனவரி முதல் மார்ச் வரை சூறாவளி எச்சரிக்கை வந்தால் வளாகமே மூடிவிடும். அந்த மாதங்களில் கெடு வைத்தால், எச்சரிக்கை வந்தால் எத்தனை நாள் தள்ளும் என்பதையும் வினாத்தாளிலேயே எழுதிவிடுங்கள்.

மொழிச் சிக்கலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் விவாதம் நம் பேச்சுமொழியான கிரியோலில், படிக்கும் கட்டுரை சில நேரம் பிரெஞ்சில், அறிக்கையோ ஆங்கிலத்தில். ஆங்கிலம் நன்றாக வருபவர் தலையில் கடைசி இரவு முழு அறிக்கையும் விழுகிறது. நால்வர் பகுதியும் நாலு நடை, மேற்கோள் முறையும் வேறு வேறு. ஒருவர் ஒட்டிய பத்தி, நகலெடுத்ததைக் கண்டறியும் டர்னிட்டின் மென்பொருளில் சிக்கினால் பழி எல்லோருக்கும். ஆகவே கெடுவுக்கு ஏழு நாள் முன்பே இணைத்த வரைவைக் கேளுங்கள். தொகுப்பதையும் ஒரு பங்காகக் கணக்கிடுங்கள்.

மதிப்பெண்ணுக்கு ஒரு வழி: ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கு 30 புள்ளியை இரகசியமாகப் பிரித்துத் தரட்டும், தனக்குத் தானே போடக் கூடாது. ஒருவர் பெற்றதை 30ஆல் வகுத்தால் அவர் பங்கு. குழு மதிப்பெண் 60 என்றால் பாதியை எல்லோருக்கும் அப்படியே கொடுத்து, மறுபாதியை மட்டும் பங்கால் பெருக்குங்கள். 36, 33, 30, 21 புள்ளி பெற்றவர்களுக்கு முறையே 66, 63, 60, 51 வரும். முழு மதிப்பெண்ணையும் பெருக்கினால் கடைசி ஆள் 42க்கு இறங்குவார். மூன்று நண்பர்கள் கூடி ஒருவரைக் கவிழ்க்க அதுவே தூண்டில்.

கூகுள் டாக்ஸ் பதிப்பு வரலாறு எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். வேர்டில் எழுதியதை வேறொருவர் ஒட்டினால், எழுதியவர் பெயர் அதில் இராது. பங்கு 0.8க்குக் கீழே போனால் ஐந்து நிமிடம் அவரை அழைத்து, அவர் எழுதிய பகுதியை விளக்கச் சொல்லுங்கள். எழுதியவர் யார் என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த பருவத்தின் முதல் வினாத்தாளிலேயே இதைப் பார்க்க விரும்புகிறோம்.

இப்படிக்கு,
குழு வேலையில் மாணவருக்குக் கைகொடுக்கும் சிலர்