நம்ம தெரு சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை – செயலாளர் வாசிப்பது

தலைவர் அண்ணாச்சிக்கும் பொருளாளருக்கும் செயற்குழுவுக்கும் வந்திருக்கிற கொஞ்சம் பேருக்கும் வணக்கம். வராதவங்களுக்காக இதை குரூப்ல போட்டிருக்கேன், அங்கயாவது படிங்க.

வழக்கமானதை முதல்ல சொல்லிடுறேன். ஆகஸ்ட் 15 கொடியேத்துனோம். நவம்பர் 1, 1956ல நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த நாள், புள்ளைகளுக்கு கட்டுரைப் போட்டி வச்சோம். மழைக்கு முன்னாடி ஓடை அள்ளியாச்சு. ரெண்டு தெருவிளக்குக்கு மனு குடுத்ததுல ஒண்ணு எரியுது. பொங்கல் விழா நல்லபடியா முடிஞ்சுது.

இனி சந்தா கணக்கு. போன கூட்டத்துல ஒரு உறுப்பினர் "செயலாளர் லேப்டாப்ப வச்சுக்கிட்டு என்னதான் தட்டுறாரு"ன்னு கேட்டாரு, அவரு இன்னைக்கும் வரல, இருந்தாலும் பதில் சொல்லணும்ல.

ரசீது புக்குல இருந்ததையெல்லாம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல, அதாவது கணக்கை டேபிள் டேபிளா சேத்து வைக்கிற மென்பொருள்ல ஏத்தி முன்னாடி ஒரு தம்பி செஞ்சு தந்தான், இப்ப பெங்களூர்ல வேலை, போன் எடுக்க மாட்டான். அவன் போட்ட டேபிள்ல ஒரு உறுப்பினருக்கு ஒரு வரி, அதுல ஜனவரி பிப்ரவரின்னு 12 காலம் (column, மேலருந்து கீழ போற பத்தி). அடுத்த வருஷம் வந்தா என்ன செய்ய, இன்னும் 12 காலமா? யாராவது மூணு மாசத்துக்கு சேர்த்து கட்டினா ரசீது நம்பரை எங்க எழுத? இதுக்கெல்லாம் அதுல இடமே இல்ல. அதனால உறுப்பினர் ஒரு டேபிள், ரசீது ஒரு டேபிள், எந்த ரசீது எந்த மாசத்துக்குன்னு இன்னொரு டேபிள்னு பிரிச்சேன். நம்ம தெருவுல செல்வராஜ் மட்டுமே மூணு பேரு, பேரை வச்சு கணக்கு பாத்தா அடி விழும், அதுனால எல்லாருக்கும் உறுப்பினர் எண் குடுத்து எல்லா டேபிளையும் அதை வச்சே இணைச்சிருக்கேன்.

போன் நம்பர் கதைய கேளுங்க. போன் நம்பர் எழுதுற காலத்துக்கு (column) இண்ட்னு, அதாவது முழு எண்ணுன்னு வகை குடுத்து வச்சிருந்தான், அதுல 2147483647க்கு மேல நிக்காது. நம்ம செல் நம்பர் எல்லாமே அதவிட பெருசு, சர்வர்ல ஸ்ட்ரிக்ட் மோடும், அதாவது தப்பானதை ஏத்தாம தடுக்கிற அமைப்பும் போடாததால எர்ரர் ஒண்ணும் காட்டாம உச்ச எண்ணுக்கு வெட்டி வச்சுட்டு, ஊரே ஒரே நம்பர்! 04652ன்னு தொடங்குற லேண்ட்லைனுக்கும் அதே கதிதான், இண்ட்ல முன்னாடி இருக்க பூஜ்யமும் நிக்காது. போன் நம்பரை கூட்டவோ கழிக்கவோ போறதில்ல, வர்ச்சார்ல எழுத்தா வச்சாலே போதும். ஆனா போன நம்பர் போனதுதான், வீடு வீடா ஏறி கேட்டு வாங்குனேன். கதவு திறக்காத வீடுகளை இங்க சொல்லல.

அடுத்தது பாக்கி லிஸ்ட். ரசீதுல எண் இல்லாத உறுப்பினர் யாருன்னு கேக்க "உறுப்பினர் எண் ரசீதுல நாட் இன்"னு எழுதி ஓட்டினா ஒரு பேரும் வரல. அப்பம் எல்லாரும் கட்டியாச்சுன்னு செயற்குழுவுல கைதட்டினாங்க, எனக்கு மட்டும் நம்பிக்கை இல்ல, ஏன்னா தெருவ எனக்குத் தெரியும். பாத்தா வெளியாள் ஒருத்தர் நாற்காலி வாடகைக்கு எடுத்த ரசீதுல உறுப்பினர் எண் "நல்" (NULL), அதாவது வெறுமையா கிடக்கு. அந்த ஒரு நல் உள்ள வந்தா நாட் இன் யாரையும் "இல்ல"ன்னு உறுதியா சொல்லாது, மொத்த லிஸ்டும் காலி. நாட் எக்சிஸ்ட்ஸ்னு, அதாவது அவரு பேருக்கு ரசீதே இல்லையான்னு கேக்குற மாதிரி மாத்தி எழுதினதும் பேரெல்லாம் வரிசையா வந்துது, அதுல அன்னைக்கு கைதட்டுன சில பேரும் உண்டு.

இன்னொன்னு, போன வருஷம் வரவு கூடுதலா காட்டிச்சேன்னு பொருளாளர் தலைய சொறிஞ்சாரே, அது திருட்டும் இல்ல மந்திரமும் இல்ல. உறுப்பினரோட சந்தா ரசீதையும் விழா நன்கொடையையும் ஒரே குவெரில, அதாவது டேட்டாபேஸ் கிட்ட கேக்குற ஒரே கேள்வில, ஜாயின் பண்ணி (டேபிள்களை இணைச்சு) அந்தத் தம்பி கூட்டியிருந்தான். ஒருத்தர் மூணு சந்தா ரசீதும் ரெண்டு நன்கொடையும் குடுத்திருந்தா ஆறு வரி வரும், சந்தா ரெண்டு மடங்கு, நன்கொடை மூணு மடங்கு. ரெண்டையும் தனித்தனியா கூட்டி உறுப்பினருக்கு ஒரு வரியா ஆக்குன பெறவுதான் ஜாயின் பண்ணணும். இப்ப அப்படித்தான் வச்சிருக்கேன், ரசீது புக்கோட கையால ஒத்துப் பாத்தும் ஆச்சு.

வரவு செலவை பொருளாளர் விரிவா வாசிப்பாரு. மொத்தத்துல கடன் இல்ல, கையிருப்பு போன வருஷம் நினைச்ச அளவுக்கு இல்ல, காரணம் மேல சொன்னதுதான்.

ஹால் தந்தவங்களுக்கும், மைக் செட்டுக்கும், காபி வடைக்கும், மகளிர் குழுவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் இதுல தொடருவனான்னு தெரியல, வீட்டுலயும் கேக்குறாங்க. எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கிட்ட கேள்வி கேக்குற மொழி) தெரிஞ்ச புள்ளைக இந்த தெருவுல இல்லாம இல்ல, இன்ஜினியரிங் படிக்காத வீடு எது? வாரம் ஒரு மணி நேரம் வந்தா பேக்கப் எடுக்கதும் பாஸ்வேர்டும் சொல்லித் தாறேன், எனக்கு ஒண்ணுன்னா சங்கக் கணக்கும் என்கூட போயிரக் கூடாது பாருங்க. பாக்கி லிஸ்ட் வாசல்ல ஒட்டியிருக்கு. தன் பேரு தப்புன்னு நினைக்கவங்க ரசீதோட வாங்க, ரசீது இல்லாம "நான் அன்னைக்கே குடுத்தேன்"னு சொன்னா டேட்டாபேஸ்ல ஏத்த வழியில்ல. பொருளாளர் ரசீது புக்கை கையோட கொண்டு வந்திருக்காரு, காபிக்கு முன்னாடி அவரைப் பாத்துருங்க.

இப்படிக்கு,
செயலாளர்