வீட்டுப்பாடத்தை முதலில் கரும்பலகையில் எழுதுங்கள்

காவிரிப் படுகையின் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் வட்டத்தில் ஒரு பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்வியைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைத்தால், ஒரு நாள் மாலை ஐந்தரைக்கு மேல் என் கடை வாசலில் வந்து நின்று பாருங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததை என் எண்ணுக்கு அனுப்பிவிட்டு அம்மாக்கள் வரிசையில் காத்திருப்பார்கள். பயிற்சித்தாள், ஒட்ட வேண்டிய படம், மாதிரி வினாத்தாள் எல்லாம் இப்போது அப்படித்தான் வருகின்றன. கறுப்பு வெள்ளை 2 ரூபாய், கலர் 10 ரூபாய். எனக்கு நல்ல வருமானம்தான். அந்த வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பிள்ளை செய்து வர வேண்டிய எந்த வேலையும் கைபேசியில் மட்டும் வரக் கூடாது. கடைசி மணி அடிப்பதற்குள் அது கரும்பலகையில் ஏறி, பிள்ளையின் நோட்டில் இறங்கியிருக்க வேண்டும். குழுவில் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைபேசியை விட்டால் வேறு வழியில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். பள்ளிக் கதவு திறந்தது, ஆனால் குழு மூடப்படவில்லை. அன்று இல்லாத வகுப்பறைக்கு மாற்றாக வந்தது, இன்று வகுப்பறை இருக்கும்போதே அதன் வேலையைப் பார்க்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு டச் போன். அது அறுவடைக்கோ கட்டட வேலைக்கோ போன அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அவர் வீடு திரும்ப எட்டு மணி ஆகும். ரீசார்ஜ் முடிந்துபோன வாரத்தில் எட்டு மணிக்கும் பயனில்லை. பெற்றோர் திருப்பூரில் வேலை பார்க்க, பாட்டியோடு வளரும் பிள்ளைகளின் வீட்டில் இருப்பது பட்டன் போன். ஆனால் மறுநாள் காலை, ‘ஏன் செய்து வரவில்லை’ என்ற கேள்வி மட்டும் எல்லாருக்கும் பொதுவாக வருகிறது.

குழுவையே கலைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் அப்பா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் ஏராளம். மகள் ஆண்டுவிழாவில் ஆடிய படத்தை அதே மாலையில் அவர் பார்க்கிறார். கணக்கில் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று வீடியோ அழைப்பில் கேட்கிறார். முன்பெல்லாம் அப்படிப்பட்ட அப்பாவுக்குப் பள்ளி என்பது கடிதத்தில் வரும் இரண்டு வரிதான். இந்த நன்மையை யாரும் பறிக்கக் கூடாது. தகவல் குழுவில் வரட்டும். பாடம் அங்கே குடியேற வேண்டாம்.

பாடம் என்று சொன்னதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. கதை அல்ல, கோபம். ஒருமுறை ஒரு வகுப்புக் குழுவில் ‘டெல்டா படம் ஒட்டி வரவும்’ என்று செய்தி வந்தது. அன்று மாலை நான் பிரிண்ட் போட்டதெல்லாம் நைல் நதியின் செயற்கைக்கோள் படம். இணையத்தில் தேடியதும் முதலில் வந்தது அதுதான் போலும். பச்சை முக்கோணமாக அழகாகத்தான் இருந்தது. படத்தை வாங்கிய பிள்ளைகள் நின்றிருந்ததோ டெல்டாவின் நடுவில். சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்து வருகிற வெண்ணாற்றின் தண்ணீர், அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பகிரப்படுகிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், ஷட்டர்களை எண்ணச் சொல்லி, எந்த ஆற்றுக்கு எத்தனை கன அடி விடுகிறீர்கள் என்று ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரிடம் கேட்க வைத்து, பார்த்ததைப் பென்சிலால் வரைய வைத்திருந்தால் 10 ரூபாய் மிச்சம். திரும்பி வந்து ஸ்மார்ட் வகுப்பறைத் திரையில் அதே நைலைக் காட்டி, ‘நம் ஆறு இப்படி ஒரே முக்கோணமாகவா விரிகிறது?’ என்று கேட்டிருக்கலாம். திரைக்கு அங்கே ஒரு வேலை இருந்திருக்கும். தன் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு வேற்று நாட்டு ஆற்றைக் காட்டக் கரும்பலகையால் முடியாது, திரையால் முடியும். இதயம் துடிப்பதையும் கிரகணம் நிகழ்வதையும் அசைவோடு காட்டுவதற்கும் அதற்கு ஈடில்லை.

புதுக் கருவி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்து கற்றவர். சில ஆண்டுகளில் அச்சு இயந்திரம் கப்பலேறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை. காகிதமோ கிடைப்பது அரிது. அதற்காக அந்தப் பாதிரியார்கள் புத்தகம் போடாமல் இருந்துவிடவில்லை, காகிதத்தை வாரி இறைக்கவும் இல்லை. பக்கத்திலிருந்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்துக்கொண்டார்கள். வந்த கருவி ஊருக்கு ஏற்றபடி மாற்றப்பட்டது. நம் காலத்திலோ, கருவிக்கு ஏற்றபடி பிள்ளையின் வீடு மாறவில்லையே என்று குறைப்படுகிறோம்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இப்போது என்னிடம் வரும் கட்டுரைகளில் பல, பிள்ளைகளுக்கே தெரியாத பிள்ளைகள் எழுதியவை. ‘எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா’ என்ற தலைப்பில் வெவ்வேறு பெயர்களில் ஏறத்தாழ ஒரே கட்டுரையை பிரிண்ட் போட்டேன். வண்ண விளக்குகள் இருந்தன, மக்கள் வெள்ளம் இருந்தது, ஒற்றுமை கூட இருந்தது. திருவாரூர் ஆழித் தேரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை எழுதியதில் வடத்தைக் காணோம், முட்டுக்கட்டை போடும் ஆட்களைக் காணோம், தேருக்குப் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக்கும் இல்லை. எழுதிய பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. யாரும் எங்கிருந்தும் எழுதிவிடக்கூடிய தலைப்பைக் கொடுத்தால் யாரோ எங்கிருந்தோதான் எழுதுவார்கள். ‘தேர் திரும்பும்போது நீ எங்கே நின்றாய், என்ன சத்தம் கேட்டது?’ என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு வந்ததைத் தாளைப் பார்க்காமல் வகுப்பின் முன் இரண்டு நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கருவியிடம் பிழை திருத்தக் கேட்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கைபேசியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தே தீர வேண்டிய பாடம் ஒன்றும் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் டெல்டாவில் மழை விடுமுறைச் செய்தி பறக்கும். ஒரு காலத்தில் திருச்சி வானொலியைக் காதோடு வைத்துக் காத்திருப்போம். இப்போது ஆட்சியரின் அறிவிப்பு நொடியில் வருகிறது, கூடவே போன வருட அறிவிப்பும் தேதி மாற்றப்பட்டு வருகிறது. எது உண்மை, எங்கே போய்ச் சரிபார்ப்பது, முதலில் அனுப்பியது யார் என்று வகுப்பில் கேட்கப் பழகிய பிள்ளை, வீட்டில் பெரியவர்களையும் திருத்தும். விடுமுறை வதந்தியோடு நிற்பதில்லை இது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்து, பல ஊர்களில் பல நாள் சிக்னலும் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்த நேரத்தில் வாய்வழிச் செய்தியை எடைபோடத் தெரிந்தவர்கள்தான் ஊருக்குப் பயன்பட்டார்கள்.

உங்கள் ஆசிரியர்களின் பாடும் தெரியாமல் இல்லை. கல்வித்துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு ஏறாமல், போனை உயர்த்திப் பிடித்தபடி வராந்தா மூலையில் நிற்பவர்களைச் சாலையிலிருந்தே பார்க்கிறேன். பதிவேற்றும் வேலையைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டுவருவது நியாயம். அது உங்கள் கையில் இல்லை. வீட்டுப்பாடம் எங்கே எழுதப்படுகிறது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வியை வையுங்கள்: மாலை ஆறு மணிக்குப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி டச் போன் எத்தனை வீட்டில் இருக்கிறது? பதிலை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பச் சொல்லாதீர்கள், இல்லாதவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். கை தூக்கச் சொல்லவும் வேண்டாம், இல்லை என்று ஊர் நடுவே சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்
நீடாமங்கலம் வட்டம்